அம்மாவின் கல்லில் வெட்டாத வார்த்தை

அம்மாவோட கல்லறைக் கல்லுல இன்னா எழுதுறதுன்னு நானும் தம்பியும் மூணு மாசமா முட்டிக்கினு இருந்தோம். எங்க ஊரு சாம்பியன் ரீப்ஸ் கல்லறைத் தோட்டத்துல இங்கிலீஷ் இல்லாத கல்லு குறைச்சல். எங்கம்மா லூயிசாவுக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துகூட போட வராது. ஆனா கல்லுன்னா இங்கிலீஷ்தான்.

சனிக்கிழமை தம்பி கிறிஸ்டோ வாட்சப்ல முடிவா அனுப்பிட்டான்: 'லூயிசா, கொர்னேலியஸின் லாங்-சஃபரிங் மனைவி.' கொர்னேலியஸ் எங்கப்பா. திங்கக்கிழமை கல்லுல வெட்ட ஆரம்பிச்சிடுவாங்களாம்.

அன்னிக்கு பெங்களூர் வேலை முடிஞ்சு ரயில்ல நின்னுக்கினே வந்தேன். சண்டை போட உடம்புல தெம்பில்ல. போன்ல அந்த 'லாங்-சஃபரிங்'ங்கிற வார்த்தையைத் தேடினேன். ஐந்நூறு வருஷம் முன்னாடி பைபிளை இங்கிலீஷ்ல எழுதினவங்க ரெண்டு சொல்லை ஒட்டிப் பண்ணதாம். கிரேக்கத்துல அதுக்கு, கோபம் வர ரொம்ப நேரம் பிடிக்கிற மனசுன்னு அர்த்தம். நம்ம பைபிள்ல வர்ற 'நீடிய பொறுமை'தான். கடவுளுக்குச் சொன்னது. அடிக்க சக்தி இருந்தும் அடிக்காதவருக்கு. அதைக் கொண்டாந்து குடிகாரன் பொண்டாட்டிக்குச் சூட்டுறாங்க பாரு! எங்கம்மா எப்போ பொறுத்துது? அது கத்தாத நாளே கிடையாது.

கிறிஸ்டோவுக்கு போன் போட்டேன்.

"நல்ல வார்த்தைதானேக்கா! எல்லாரும் போடுறாங்க."

"அம்மா அப்படி இல்லடா. அது வாயை நாம அடைச்ச மாதிரி இருக்கு."

"அப்பா வேணாம்னு சொன்னா எடுத்துடுறேன். போதுமா?"

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் அப்பாகிட்ட போனை நீட்டினேன். குடியை விட்டு ஆறு வருஷம் ஆவுது அவருக்கு. கண்ணாடி போட்டு ரெண்டு தரம் படிச்சாரு.

"இன்னாமா இது?"

"அம்மா உங்களைப் பொறுத்துக்கினு வாழ்ந்துச்சுன்னு எழுதியிருக்கான்."

அம்மாவுக்கு நல்ல பேரு வருதேன்னு ஒத்துக்குவாருன்னுதான் நெனச்சேன். அதுக்கு ஒரு சண்டை போடணுமேன்னு அப்பவே அலுப்பா இருந்துச்சு.

அப்பா போனைத் திருப்பிக் குடுத்தாரு. "எடுத்துடச் சொல்லு. பேரும் தேதியும் போதும்."

"ஏம்பா?"

"அவ எப்போம்மா பொறுத்தா? தெனம் சொன்னா. நான்தான் கேக்கல."