ஏரின்னு எழுதினது நான்தான்

புது நம்பர்ங்கறதால மொதல்ல யாருன்னு சொல்லிடறேன், இல்லன்னா அக்கா எடுத்த எடுப்புல பிளாக் பண்ணிடுவா. நான்தான், உங்க ஒல்லிக்குச்சி. வயசு இருபத்தாறு. இப்ப இருக்கற இடம், நான் வேலை பாக்கற, கட்டிலும் அடுப்பும் வெச்ச வீட்டு வண்டிங்கள வாடகைக்கு விடற யார்டுல பதினாலாம் நம்பர் வண்டிக்குள்ள, அடுப்புக்கு எதிர் சீட்டு. பழைய போன் சோப்புத் தண்ணி வாளியில விழுந்து போய்ச் சேந்துடுச்சு. மத்தியானம் சாப்பாட்டு நேரம், வெளிய மழை, முக்கா மணி நேரம் இருக்கு.

நான் பேசப் பேச போனே எழுதிக்குது. கழுவற மருந்துல விரல் எல்லாம் வெடிச்சு, தட்டினா எரியுது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்தான். அம்மா, என் குரலைக் கேட்டதும் நீ அழ ஆரம்பிச்சுடுவ, விஷயம் காதுல ஏறாது. அதனால எழுத்தாவே வரட்டும். அக்கா, நீ படிச்சுக் காட்டு. அப்பாவும் அம்மாவும் ஒரே ரூம்ல இருக்கணும். அப்பா மாடிக்கு எழுந்து போனா படிக்கறத நிறுத்து, கூட்டிட்டு வந்து உக்கார வெச்சுட்டுப் படி.

விசா இல்லன்னு லெட்டர் வந்து பதினோரு நாள் ஆச்சு. பதினோரு நாளா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லன்னு அக்கா சொன்னா. அம்மா, நீ விசா ஆபீஸ் ஜன்னல் முன்னாடி நின்னு திக்கித் திணறினதாலதான் போச்சுன்னு அப்பா நினைக்கறாரு. அப்பா, நீங்க அந்த ஆபீசர்கிட்ட பஸ் டிரைவர் கோவத்தக் காட்டினதாலதான் போச்சுன்னு அம்மா நினைக்கறா. ரெண்டும் இல்ல. போனதுக்குக் காரணம் நான். அதச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

மொதல்லேருந்து சொல்றேன். எனக்கே கோர்வையா வந்தாதான் வெளிய வரும்.

நாலு வருஷமாச்சு நான் உங்களப் பாத்து. நான் வர முடியாது, இங்க தங்கறதுக்கான என் பேப்பர் இன்னும் மேசை மாறி மேசை போயிட்டிருக்கு. அது கையில வராம வெளிய காலை வெச்சா திரும்ப உள்ள விட மாட்டாங்க. அப்ப நீங்கதான் வரணும். வந்தா எங்க தங்கறது? நான் இருக்கற ரூம்ல மூணு பேர், ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் நடுவுல பக்கவாட்டாத்தான் நடக்கணும். அப்பதான் எங்க முதலாளியம்மா சொன்னாங்க, ரெண்டு குளிர்காலம் முழுசா வேலை பாத்தவனுக்கு சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்து நாள் ஒரு வீட்டு வண்டி சும்மா குடுக்கறது இங்க வழக்கம்னு. பதினாலாம் நம்பர எடுத்துக்கோன்னாங்க. அன்னிக்கு நான் போன்ல கத்தினது ஞாபகம் இருக்கா? அக்கா வீட்டு மாமா பயந்து போய், யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாரு.

அப்புறம் அக்கா குரூப் ஆரம்பிச்சா. அங்க நடந்த கூத்து இன்னும் என் கண்ணுல நிக்குது. அம்மா கேட்ட மொதக் கேள்வி, "சினிமாக்காரங்க உள்ள உக்காந்துப்பாங்களே, அந்த வண்டியா?" ரெண்டாவது கேள்வி, "கக்கூஸ் எங்கடா இருக்கு?" அடுப்புக்குப் பின்பக்கம்னு சொன்னேன். "அய்ய, அது நிறைஞ்சா யாரு எடுப்பா?" "கீழ ஒரு டப்பா இருக்கும்மா, உருவி எடுத்துக் கழுவி வைக்கணும். தினமும் பதினஞ்சு வண்டிக்கு நான்தான் கழுவறேன்." அம்மா, அதுக்கு நீ, "நீ மெக்கானிக்னுதானே சொன்ன"ன்னு மட்டும் எழுதின. நான் ஒரு சிரிக்கற பொம்மை போட்டு ஓடிட்டேன்.

அப்பா கேட்டது எல்லாம் வண்டியப் பத்தி. நீளம் எத்தன, டயர் என்ன, ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி நின்னு விசிலடிக்க ஆள் இல்லாம எப்படி. "உங்கம்மாவ இறக்கி விட்டா விசிலடிப்பா"ன்னு நீங்க எழுத, "ஆமா, இவரு அப்படியே நான் சொல்ற பக்கம் திருப்பிட்டுதான் மறுவேலை பாப்பாரு"ன்னு அம்மா எழுத, மாமா நாலு பொம்மை போட்டாரு.

எங்க போறதுன்னு பேச்சு வந்ததும் சிரிப்பு நின்னு போச்சு.

விசாவுக்கு ஒவ்வொரு நாளும் எங்க இருப்போம்னு எழுதிக் குடுக்கணும். வண்டி நிறுத்தற இடத்துல புக் பண்ண சீட்டும் வேணும். அப்பா, நீங்க கடல்னீங்க. முப்பத்தொரு வருஷம் ஒன்பதாம் நம்பர் ரூட்லயே ஓட்டியாச்சு, கடைசி ஸ்டாப்ல ஒரு சுவரு, அங்க திருப்பி மறுபடி அதே ரோடு. ரோடு முடிஞ்சு அதுக்கப்புறம் தண்ணியா இருக்கற ஒரு இடத்துல வண்டிய நிறுத்தி இன்ஜின அணைக்கணும், அவ்வளவுதான் ஆசைன்னீங்க. அம்மா, நீ பனி மலைன்ன. ஆஸ்பத்திரி லாண்டரியில இருபது வருஷமா வெந்நீர் ஆவிக்குள்ளயே நின்னு வெந்தாச்சு, ஒரு தடவையாவது மூக்கு நுனி சில்லிட்டுப் போகணும்ன. கடல் மேற்கால, மலை வடக்கால. பத்து நாளுல ரெண்டும் ஆகாது, பாதி நாள் ரோட்டுலயே போயிடும்.

மூணு வாரம் இழுத்தீங்க. "உங்கப்பாவுக்குத் தண்ணியப் பாக்கணும்னா குளியலறைக் குழாயத் திறந்து விடு." "உங்கம்மாவுக்குக் குளிர் வேணும்னா பிரிட்ஜுக்குள்ள உக்காரச் சொல்லு." விளையாட்டாத்தான் ஆரம்பிச்சது. அப்புறம் அப்பா குரூப்ப விட்டு வெளிய போயிட்டாரு. அக்கா திரும்பச் சேத்தா, மறுபடி போயிட்டாரு.

ஃபார்ம் குடுக்கக் கடைசி நாள் வந்துடுச்சு. நடுவுல ஒரு ஏரி இருக்கு, யாரும் கேக்கல, யாருக்கும் பிடிக்காமயும் போகாதுன்னு பத்து நாளும் ஏரின்னு எழுதி அனுப்பினேன். ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் சரின்னீங்க. போன்ல ஒத்திகை கூடப் பாத்தோம், எங்க போறீங்க, ஏரிக்கு, எத்தன நாள், பத்து நாள்.

இனிமே சொல்லப் போறதுதான் உங்களுக்குத் தெரியாதது.

ஜன்னல்ல நிக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில அம்மா எனக்குத் தனியா போன் பண்ணா. "டேய், உங்கப்பா கடலக் கேட்டுட்டு இப்ப வாயத் திறக்கறதே இல்ல. இந்த மனுஷன் வாழ்க்கையில எனக்கு இது வேணும்னு ஒண்ணக் கேட்டு நான் பாத்ததில்லடா. ஏரிய அடிச்சுட்டு கடல்னு மாத்திடு. அவருகிட்ட சொல்லாத, அங்க வந்து பாக்கட்டும்." நான் என்ன சொன்னேன்? "சரிம்மா, மாத்திடறேன்."

அன்னிக்கு சாயங்காலமே அப்பா போன். ரோட்டுல நின்னு பேசினீங்க, ஹாரன் சத்தம் கேட்டுச்சு. "உங்கம்மா கை ரெண்டும் பாத்திருக்கியா? ஆவி பட்டுப் பட்டு தோலு ஊறிப் போயிருக்கு. கடல் எங்கடா ஓடிடப் போகுது. மலைன்னு மாத்தி எழுது. அவகிட்ட மூச்சு விடாத." நான் என்ன சொன்னேன்? "சரிப்பா, மாத்திடறேன்."

மாத்தல. குடுத்த ஃபார்ம மாத்தவே முடியாதுன்னு அப்பவே எனக்குத் தெரியும். இல்லன்னு சொல்ல வாய் வரல. இங்க வந்த நாள்லேருந்து எல்லாருக்கும் சரி சொல்லிப் பழகிட்டேன். சாப்பிட்டியா, சரிம்மா. நல்லா இருக்கியா, சரிப்பா. முதலாளியம்மா, ஞாயித்துக்கிழமை வரியா, சரிங்க. ரெண்டு பேரும் ஒத்திகை பாத்த மாதிரி ஏரின்னுதான் சொல்லுவீங்க, இங்க வந்ததும் சமாளிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.

ஆனா நான் மாத்திட்டேன்னு நீங்க நம்பிட்டீங்க. மூணாம் ஜன்னல்ல அம்மா, அஞ்சாம் ஜன்னல்ல அப்பா. லெட்டர்ல காரணமே போடலன்னு உங்ககிட்ட சொன்னேன்ல? போட்டிருக்கு. ரெண்டாம் பக்கத்துல, இந்த நாட்டு பாஷையில. அக்கா அனுப்பின போட்டோவ நான் நூறு தடவ படிச்சிருப்பேன். மனைவி கடலுக்குப் போவதாகச் சொன்னார், கணவர் பனி மலைக்குப் போவதாகச் சொன்னார், ஆவணத்தில் ஏரி என்று உள்ளது, எனவே இந்தச் சுற்றுலா உண்மையானது அல்ல. அவ்வளவுதான் எழுதியிருக்கு.

அப்பா, கேட்டுச்சா? அம்மா கடல்னு சொல்லியிருக்கா. அம்மா, அவரு மலைன்னு சொல்லியிருக்காரு. திக்கினது காரணம் இல்ல, கோவமும் காரணம் இல்ல. ரெண்டு பேரும் சரியாத்தான் சொன்னீங்க. உங்க சண்டைய இப்ப என் பக்கம் திருப்புங்க. நான் தாங்கிப்பேன்.

இத அன்னிக்கே சொல்லியிருக்கணும். தினமும் போன எடுக்கறேன், வைக்கறேன். ராத்திரி தூங்கினா அந்த லெட்டர்தான். நேத்து ஒரு வண்டியில நல்ல தண்ணித் தொட்டியில கழுவற மருந்த ஊத்தப் போனேன், எங்க மெக்கானிக், நாங்க மீசைன்னு கூப்பிடுவோம், கையப் புடிச்சு நிறுத்தினாரு. "என்னடா ஆச்சு உனக்கு, வண்டி எடுக்க வர்ற குடும்பத்தையே கொன்னிருப்ப"ன்னு கேட்டாரு. ஆமாண்ணேன்னேன். அவருகிட்டதான் மொதல்ல எல்லாத்தயும் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அடப்பாவி, சண்டை போட்டே சேந்திருப்பாங்க, நீ சமாதானம் பண்ணிக் கெடுத்துட்ட"ன்னாரு. சிரிச்சுட்டேன். அப்புறம் சக்கரத்துக்குப் பின்னாடி போய் கொஞ்ச நேரம் உக்காந்துக்கிட்டேன்.

இன்னும் ஒண்ணு, அதையும் சொல்லிடறேன். இந்தப் பதினாலாம் நம்பர விக்கப் போறாங்க. சுவருக்குள்ள ஈரம் இறங்கிடுச்சு. கட்டில் பக்கம் கைய வெச்சு அமுக்கினா ஊறின பிஸ்கட் மாதிரி உள்ள போகுது. அடுத்த வியாழக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறாங்க. அம்மா, உன் முட்டிக்காக வாசல்ல ஒரு படி செஞ்சு மாட்டியிருந்தேன், பழைய பலகையில, வழுக்காம இருக்க ரப்பர் ஒட்டி. காலையில கழட்டச் சொல்லிட்டாங்க. கழட்டிட்டேன். இப்ப என் காலுக்குக் கீழதான் கிடக்குது. வேற வண்டி குடுங்கன்னு முதலாளியம்மாகிட்ட கேட்டேன். சீசன் தொடங்கிடுச்சேப்பா, வண்டியும் லீவும் அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. அடுத்த வருஷம் நான் இங்க இருப்பேனான்னு என் பேப்பருக்கே தெரியாது.

ஆக, வண்டி இல்ல, லீவு இல்ல, விசா இல்ல. இதுல எங்க போறதுன்னு கேக்க வந்திருக்கேன் பாருங்க.

ஏன் கேக்கறேன்னா, மறுபரிசீலனைன்னு ஒண்ணு இருக்கு. இன்னும் நாலு நாள் டைம். உதவி மையத்துல ஒரு வக்கீலம்மா இருக்காங்க, அவங்களப் போய்ப் பாத்தேன். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க, நூறு பேர் போட்டா ரெண்டு பேருக்குக் கிடைக்கும், உனக்குக் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்னு. ஆனா போடாம விட்டா பொய் சொன்னவங்கன்னு உங்க பேருக்கு எதிரா அப்படியே நிக்குமாம். அப்புறம் எப்பவுமே வர முடியாதாம். போட்டா நான் செஞ்ச தப்ப நானே எழுதிக் கையெழுத்துப் போடணும். அத எழுதிட்டேன். அது என் பேப்பரையும் பாதிக்குமான்னு கேட்டேன். தெரியாதுன்னாங்க. பரவால்ல.

ஃபார்ம்ல மறுபடியும் அதே கேள்வி இருக்கு. எங்க போறீங்க. இந்த தடவ மூணு பேரும் ஒரே பதில எழுதி, தனித்தனியா கையெழுத்துப் போடணும். வண்டி இல்லன்னா பஸ்ல போறோம்னு எழுதலாமாம்.

நீங்க வருவீங்கன்னு நான் நம்பல. பொய் சொல்ல மாட்டேன், சரி சரின்னு சொல்லி ஒரு தடவ கெடுத்தது போதும். அம்மா, உன்ன அடுத்து எப்பப் பாப்பேன்னு எனக்குத் தெரியல. அப்பா, போன தடவ வீடியோவுல உங்க தலை முழுசா வெளுத்திருந்துச்சு. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல.

மழை நின்னுடுச்சு. மீசை தட்டறாரு, ஒரு குடும்பம் வண்டி எடுக்க வந்துடுச்சாம். ரெண்டு வாண்டுங்க மேல் கட்டிலுக்கு இப்பவே அடிச்சுக்குது. நான் போய் கேஸ் எப்படித் திறக்கறதுன்னு காட்டணும்.

அக்கா, படிச்சு முடிச்சதும் நீ எழுந்து வெளிய போயிடு. அப்பா, அம்மா, ரெண்டு பேரும் இன்னிக்கே ஒண்ணா உக்காந்து பேசுங்க. யாரும் யாருக்காகவும் விட்டுக் குடுக்காதீங்க. கடலா மலையா, ஒரே ஒரு இடம். வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் சேந்து எனக்குச் சொல்லுங்க. நான் அதையே எழுதறேன்.