இளவேனிலில் ஓடாத பேருந்து

சாப்பாட்டு மேசையில் விரித்த வரைபடம் அடங்கவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் சுருண்டு எழுந்தது. லிஃப்ட் மெக்கானிக் தன் வேலைப் பையைத் துழாவி, மூலைக்கொரு ஸ்பேனரை வைத்து அதை அடக்கினார். காபி வைக்க இடமில்லாமல் அவர் மனைவி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க பாரு, ரயில் கொஞ்சம் லேட்டுன்னு வெச்சுக்க. பஸ்காரன் நம்மள விட்டுட்டுப் போயிடுவானா? மாட்டான். ரயில்லேர்ந்து அவனுக்குத் தகவல் போயிடும். அவன் காத்திருப்பான். அவன் லேட்டானா படகுக்காரன் காத்திருப்பான். எப்படி இருக்கு?"

"யாராவது ஒருத்தர் நேரத்துக்கு வந்தா ஊரே கெட்டுடும் போல."

அவர் சிரித்தார். ஒரே பட்டனுக்கு இரண்டு லிஃப்டுகள் எப்படித் தங்களுக்குள் பேசி, கிட்டே இருப்பது மட்டும் கிளம்புகிறது என்று கல்யாணமான புதிதில் அவளுக்கு விளக்கிய அதே உற்சாகம். பயணத்தில் மூன்று பழைய ஊர்கள், இரண்டு ஏரிகள். குளிர் விட்டதும், கோடைக் கூட்டம் வருவதற்குள் போய்விட்டு வர வேண்டும். கார் கிடையாது.

கார் வேண்டாம் என்று சொன்னது அவள். அதுதான் வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கேட்டால், "மேலே, கீழே, ரெண்டுதான் நம்ம ஏரியா. இடது வலதெல்லாம் வீட்டம்மா பார்த்துக்குவாங்க" என்பார். கல்யாணம், ஆஸ்பத்திரி, ரயிலடி என்று குடும்பத்தில் யார் எங்கே போனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தது அவள்தான். அவளுடைய தம்பி அவளைப் 'பைலட்' என்றே கூப்பிடுவான். அந்தப் பேரை அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை.

"எப்பவும் நான் ரோட்டையே பார்த்துக்கிட்டு வரேன். ஒரு தடவையாவது ஏரியைப் பார்க்கணும்" என்று காரணம் சொல்லியிருந்தாள். பொய்யில்லை, பாதி உண்மை. பாதி உண்மையைக் காப்பாற்றுவதுதான் முழுப் பொய்யைவிடச் சிரமம் என்பது அவளுக்குப் பிறகு தெரிந்தது.

சில நாள் முன்பு புதுக் கண்ணாடி வாங்கப் போன இடத்தில், கண்ணில் அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி ஒரு கருவியின் முன்னால் உட்கார வைத்தார்கள். தாடையைத் தாங்கியில் வைத்து, நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒளிப்புள்ளி மினுக்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவள் விடாமல் அழுத்தினாள். நடுவில் சற்று நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் ஓய்வெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மெஷின் ஓய்வெடுக்கவில்லை. அவளுக்கு இடப்பக்க ஓரத்தில் அது மினுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"இருட்டா தெரிஞ்சா யாரா இருந்தாலும் உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. இது இருட்டாத் தெரியாது. மூளை பக்கத்துல இருக்கிறதை எடுத்து அந்த இடத்தை நிரப்பிடும். பக்கத்துல ரோடு இருந்தா ரோடு, சுவர் இருந்தா சுவர்" என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றும், அடுத்த பரிசோதனை வரை வண்டியைத் தொடக் கூடாது. அன்று மத்தியானமே வேலைக்குப் போய் உட்கார்ந்து, யாருக்கோ ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கினாள். செயற்கைப் பல் செய்யும் அந்தக் கூடத்தில் அவள் கைதான் நேர்த்தி. பள்ளம், மேடு, மயிரிழைக் கீறல் எதுவும் தப்பவில்லை. நடுவில் இருப்பதெல்லாம் பளிச்சென்று இருந்தது. அதனாலேயே சொல்லவும் வாய் வரவில்லை. சொன்ன அடுத்த நிமிடம், எல்லாரையும் கூட்டிப்போகிறவள் என்ற இடத்திலிருந்து இறங்கி, கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவள் ஆகிவிடுவாள்.

"இரு, இரு" என்றார் மெக்கானிக். குரல் மாறியிருந்தது. கைப்பேசியில் எதையோ மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அடச்சே! இது கோடைக்கால அட்டவணை."

"அதுக்கென்ன?"

"ரெண்டாவது ஏரியிலேர்ந்து கோட்டை ஊருக்கு ஒரு பஸ் போட்டேன்ல, அது கோடையில மட்டும்தான் ஓடும். நம்ம போற மாசத்துல கிடையாது. மத்ததெல்லாம் வருஷம் பூரா ஓடுது, இதுவும் ஓடும்னு நானா நினைச்சுட்டேன்."

வழியை அவர் ஒரு தாளில் நீளக் கோடாக வரைந்து வைத்திருந்தார். இப்போது ரப்பரை எடுத்து, ஏரிக்கும் கோட்டைக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு அழித்தார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் மெக்கானிக்கின் முகம். அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். அவர் ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்குப் போயா மாமா தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அந்த ஒரு துண்டுக்கு மட்டும் வாடகைக்குக் கார் எடுங்க. பைலட் கூடவே வராங்க, அப்புறம் என்ன?"

"மச்சான், எனக்குத் தோணலையே இது!" அவர் முகம் மலர்ந்தது. "அரை மணி ஓட்டுவியா? ஏரிக்கரையை ஒட்டியே ரோடு. புக் பண்ணிடவா?"

அவள் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடி, ஒரு ஸ்பேனரை நகர்த்திவிட்டு வைத்தாள். வரைபடத்தின் அந்த மூலை சுருண்டது. "அப்புறம் பேசறோம்டா" என்று போனை அணைத்தாள். பிறகு அவர் வரைந்த தாளை இழுத்து, கோடு விட்டுப்போன இடத்துக்கு நாலு விரல் வலப்பக்கமாகச் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"வலது கண்ணை மூடிக்கங்க. இடது கண்ணால இந்தக் குறியை மட்டும் பாருங்க. வேற எங்கேயும் பார்க்கக் கூடாது. அப்படியே தாளை மெதுவாக் கிட்ட கொண்டு வாங்க."

"என்ன விளையாட்டு இது?"

"பாருங்களேன்."

அவர் தாளைக் கொண்டுவந்தார். மூக்கிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரம் வந்ததும் கை நின்றது.

"ஏய்! கோடு சேர்ந்துடுச்சு!" குழந்தை மாதிரி கத்தினார். "பஸ் வந்துடுச்சு! இது எப்படி?"

"எல்லாருக்கும் கண்ணுல அப்படி ஒரு ஓட்டை உண்டாம். தெரியாது. மூளை பக்கத்துல இருக்கிற கோட்டை இழுத்து ஒட்டிடும்."

"அபாரம். யார் சொன்னா?"

"கண் டாக்டர்."

அவர் இன்னும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். தாள் மட்டும் மெல்ல இறங்கியது.

"எனக்கு அது கொஞ்சம் பெரிசு" என்றாள் அவள். "இடது பக்கம். இப்போதைக்கு ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க."

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அவர் இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தார். கோபம்தான் முதலில் வந்தது.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன உனக்கு?"

"சொன்னா பையைத் தூக்கிட்டு ரிப்பேருக்கு வந்துடுவீங்க. இது அந்தக் கேஸ் இல்லங்க. பார்ட்ஸ் கிடைக்காது. இருக்கிறதை வெச்சு ஓட்டணும்."

அவர் மடங்கியிருந்த மூலையை நீவி விட்டு, வரைபடத்தின் மேல் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணோரம் சிவந்திருந்தது. "கரையை ஒட்டிப் புள்ளி புள்ளியா ஒரு பாதை போட்டிருக்கான். நடக்கிறதுக்கு. காலையில கிளம்பினா சாயங்காலம் கோட்டைக்குப் போயிடலாம். மூட்டையைத் தூக்கிக்கிட்டு முடியுமா உன்னால?"

"உங்களால முடியுமா? நாள் முழுக்க லிஃப்ட்ல போற ஆளு."

முடியுமா என்று பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. பழைய பைகள் இரண்டில் போர்வையும் எடைக்கு அரிசியும் திணித்து, வெயில் தாழ்ந்ததும் தெருவில் இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரர், "என்ன, வீட்டை விட்டு ஓடறீங்களா?" என்று கேட்டார். பத்து வீடு தாண்டுவதற்குள் மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் சந்தடியில்லாமல் நடையை மாற்றி அவளுக்கு இடப்பக்கம் வந்தார்.

"அந்தப் பக்கம் வராதீங்க."

"சும்மாதான் வந்தேன்."

"நீங்க நின்னுக்கிட்டா நான் பார்க்கப் பழக மாட்டேன்."

அவர் வலப்பக்கம் போனார். பெரிய சாலை சேரும் முனையில் நின்றார்கள். அவள் வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். சாலை வெறுமையாக, வெயில் படிந்து, யாருக்கோ பெருக்கி வைத்தது போல் கிடந்தது. காலை எடுத்து வைக்கப் போனவள் நின்று, தோளோடு சேர்த்து முழுசாகத் திரும்பினாள். பக்கத்தில் அவர் பை வாரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண் இடது பக்கத்திலேயே இருந்தது.

ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மிதித்து வந்த பெண் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்கூடையில் கீரைக்கட்டுகள் ஆடிக்கொண்டு போயின. இருவரும் முதுகில் சுமையோடு, அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.