நவமணி லீவில் இருக்கிறாள்

தோட்டத்துக் கிராணி என்றால் எழுத்து வேலை என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி மொழிபெயர்ப்பு. துரை ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், ஆள் தமிழில் பதில் சொல்வான், நான் துரையிடம் "யெஸ் சார்" என்பேன். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சொன்னாலும் யெஸ் சார்தான், வேலை வாங்கும் மண்டோர் கை நீட்டுகிறான் என்று சொன்னாலும் யெஸ் சார்தான். எங்கள் துரை ஈப்போவிலிருந்து வந்த சீனர், நல்ல மனிதர், இரத்தக் கொதிப்பு உள்ளவர். பதினான்கு வருடத்தில் என்னால் அவருக்கு அது ஒரு புள்ளிகூட ஏறியதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே கிடக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கம்பெனி ஒரு புதுமை செய்தது. லயத்துக் கூரைகளை மாற்றச் சொல்லி ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனி நன்றாக யோசித்துவிட்டு, சிறந்த பால்வெட்டுத் தொழிலாளியைப் பங்கோர் தீவுக்கு மூன்று நாள் உல்லாசப் பயணம் அனுப்புவதாக அறிவித்தது. கூரை ஒழுகுவது ஒழுகிக்கொண்டே இருக்கட்டும், ஒருத்தராவது கடலைப் பார்க்கட்டும் என்ற பெரிய மனசு.

தேர்வானவள் நவமணி. ஐம்பதை நெருங்கும் விதவை. இருபத்தெட்டு வருடமாகப் பாலுக்காக மரம் வெட்டுகிறாள். அவள் உளி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கியதே இல்லை. அப்படி இறங்கினால் அதற்குக் காயம் என்று பெயர். காயத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, வெட்டிய ஆளை நாலு வார்த்தை கேட்பது என் வேலை. அவளுடைய மரங்களில் எனக்கு வேலையே இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பரிசு இரண்டு பேருக்கு. நவமணிக்கு ஆங்கிலம் தெரியாது, ஹோட்டலில் எடுத்துப் பேச ஓர் ஆள் அவசியம் என்று துரையிடம் விளக்கினேன். ஒரு பெண்ணோடு வேற்று ஆண் தனியாகப் போவது அழகில்லை, ஆகவே என் மனைவி சந்திரிகாவும் வரவேண்டும் என்றும் விளக்கினேன். இப்படித்தான் இரண்டு பேர் பரிசில் மூன்று பேர் கிளம்பினோம். கம்பெனிப் பத்திரிகைக்குப் படம் எடுக்கச் சொல்லித் துரை ஒரு கேமராவும் கொடுத்தார்.

புறப்படும் முன், தீவில் எதைப் பார்க்க ஆசை என்று துரை அவளைக் கேட்டார். நவமணி யோசிக்கவே இல்லை.

“ஒண்ணும் பாக்க வேணாங்கய்யா. வெயில் ஏறுற வரைக்கும் படுத்துத் தூங்கணும். கல்யாணமான மறுநாளே பெரட்டுக்குப் போனவ நான்.”

பெரட்டு என்றால் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அதற்காக அவள் நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். நான் துரையிடம், கடலையும் தீவின் கலாச்சாரத்தையும் காண மிகவும் ஆவலாக இருக்கிறாள் என்று சொன்னேன். துரைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

கோலசிலாங்கூரில் பஸ் ஏறி, சபாக் பெர்ணம், தெலுக் இந்தான், சித்தியவான் என்று மாறி மாறிப் போய், கடைசியில் தீவுக்குப் படகேறினோம். சந்திரிகாவுக்கு வழியெல்லாம் வாந்தி. நவமணி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்டேன். மூன்று நாள் பயணத்தில் எத்தனை காலை வரும் என்று பார்க்கிறாளாம். இரண்டுதான் வருகிறது, இரண்டும் போதும் என்றாள்.

ஹோட்டல் வாசலில் எங்கள் கழுத்தில் பூமாலை போட்டார்கள். இளநீரில் ஒரு காகிதக் குடையைச் சொருகிக் கொடுத்தார்கள். சந்திரிகா குடையைத் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பூப்போட்ட சட்டை அணிந்த ஒரு மலாய்க்கார வழிகாட்டி வந்தான். கழுத்தில் விசில், கையில் பெயர்ப் பட்டியல். அவனைப் பார்த்ததும் நவமணி சட்டென்று நிமிர்ந்து நின்றாள்.

மதியம் ‘முன்னோர் உணவு’ என்று ஒன்று பரிமாறினார்கள். கோட்டு போட்ட பரிசாரகன் வெள்ளித் தட்டின் மூடியைத் திறந்தான். உள்ளே வாழையிலையில் அவித்த மரவள்ளிக் கிழங்கு, துருவிய தேங்காய், ஒரு துண்டுக் கருவாடு. பக்கத்து மேசை ஜெர்மன்காரர்கள் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். நவமணி கிழங்கை இரண்டாகப் பிட்டுப் பார்த்தாள்.

“சம்பளத்துக்கு முந்தின வாரம் பூரா வீட்டுல இதாங்கய்யா. இதத் திங்கவா நாலு பஸ்ஸு மாறி வந்தோம்?”

பரிசாரகன் என்னைப் பார்த்தான். அவளுக்கு வார்த்தையே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் ஒல்லாந்தர் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். மூன்று குட்டைச் சுவர், கூரை கிடையாது. அதைப் பற்றி வழிகாட்டி அரைமணி நேரம் பேசினான். எங்கள் தோட்டத்துப் பழைய புகைக்கூடமும் இப்படித்தான் இடிந்து கிடக்கிறது, அங்கே ஒரு மாலை போட்டால் போதும், இவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நவமணி சந்திரிகாவிடம் சொன்னாள். சந்திரிகா சிரித்த சிரிப்பில் ஒரு வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அன்று இரவு வழிகாட்டி என்னிடம் வந்து, காலையில் மீனவர் கிராமத்துக்குப் போய்ச் சூரிய உதயம் பார்ப்போம், எத்தனை பேர் என்று கேட்டான். மூன்று என்றேன். கட்டணம் பரிசிலேயே அடங்கியது. இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

விடிகாலை ஐந்தரைக்கு நடைபாதையில் விசில் ஊதினான். நாங்கள் புருஷன் பெண்டாட்டி எழுந்து முகம் கழுவி வெளியே வர இருபது நிமிடமானது. நவமணி அதற்குள் தலையில் துணி கட்டி, சுவரோரமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வரிசையில் அவள் ஒருத்திதான். வழிகாட்டி பெயர் கூப்பிட்டபோது “வந்துட்டேங்க” என்று உரக்கச் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி வேனில் ஏறிக்கொண்டேன்.

சூரியன் மேகத்துக்குள் உதித்தது. மழை தூறியது. கருவாடு காயப்போடும் தட்டிகளுக்கு நடுவில் நின்று, வெளிச்சம் வந்துவிட்டதை வைத்து உதயம் முடிந்தது என்று முடிவு செய்தோம். திரும்பும் வழியில் நவமணி ஒரே ஒரு வார்த்தை பேசினாள். “ஒண்ணு போச்சு” என்றாள்.

அன்று பத்து மணிக்குத் ‘தோட்டக் கலாச்சாரக் காட்சி’. ஹோட்டல் சமையலறைக்குப் பின்னால் மூன்று கிழட்டு ரப்பர் மரங்கள். பட்டுச் சட்டை போட்ட ஒருவன் உளியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுரண்டினான். கீழே கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் ஏற்கெனவே பால் நிறைந்திருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நவமணி கிட்டே போய் மங்கில் விரலை விட்டு நக்கினாள்.

“டின் பாலுலா இது. தண்ணி ஊத்திக் கலக்கியிருக்கான்.”

இவ்வளவு துணிச்சலாக மங்கில் கைவிடும் அம்மாள் யார் என்று ஹோட்டல் மேலாளர் கேட்டார். நான் பெருமை தாங்காமல் சிலாங்கூரிலேயே சிறந்த பால்வெட்டுக்காரி என்று அளந்துவிட்டேன். மேலாளர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். மறுநாள் காலை ஆஸ்திரேலியாவிலிருந்து பயண முகவர்கள் பன்னிரண்டு பேர் பார்வையிட வருகிறார்களாம். இந்த அம்மாள் ஆறு மணிக்கு வந்து உண்மையாகவே மரம் வெட்டிக் காட்டினால் ஹோட்டலுக்குப் பெயர். இரவு எங்கள் மேசைக்கு மிளகாய் நண்டு அவர் செலவில் வரும்.

நவமணியைக் கேட்காமல் நான் எதையும் செய்யவில்லை. மேலாளர் பக்கத்தில் இருக்கும்போதே தமிழில் கேட்டேன். அவள் கையை உயர்த்திக் கும்பிட்டாள்.

“மன்னிச்சிருங்கய்யா. ஒரு காலைதான் பாக்கியிருக்கு. அதையும் புடுங்கிறாதீங்க.”

மேலாளர் கும்பிட்டதை மட்டும் பார்த்தார். “அவளுக்கு இது பெரிய கௌரவமாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பதினான்கு வருடப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது. அப்போது நண்டும் கொஞ்சம் நினைவில் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். காலையில் கதவைத் தட்டி, துரையின் உத்தரவு என்று சொன்னால் எழுந்து வந்துவிடுவாள் என்பது என் கணக்கு.

இரவு நண்டு வந்தது. உள்ளங்கை அகலம், சிவக்கச் சிவக்கக் குழம்பு. சந்திரிகா பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டை உடைத்தாள். நான் கால் ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது வழிகாட்டி வந்து நவமணியிடம் மலாயில் ஏதோ கேட்டான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவனிடம் தலையாட்டிவிட்டு, பெரிய கொடுக்காக எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிகாலை விசில் ஒலித்தது. யாரும் வரவில்லை. வழிகாட்டி இரண்டாம் தடவை ஊதினான். நான் போய் அவள் கதவைத் தட்டி, துரை பெயரைச் சொன்னேன். கதவு திறக்கவில்லை. வழிகாட்டி தட்டினான். உள்ளேயிருந்து கணீரென்று மலாயில் பதில் வந்தது. அவள் பக்கத்து மலாய்க் கம்பத்துச் சந்தையில் இருபது வருடமாகக் காய்கறி விற்று மலாய்க்காரர்களோடு பேரம் பேசுகிறவள் என்பதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

“சாயா தக் கெர்ஜா ஹாரி இனி,” என்றாள். இன்றைக்கு எனக்கு வேலை கிடையாது. அதோடு விடவில்லை. இதையேதான் நேற்றும் கிராணியிடம் சொன்னேன், அவர் மாற்றிச் சொல்லியிருக்கிறார், மரம் வெட்டியே ஆகவேண்டுமென்றால் அவரே வெட்டட்டும், மற்றவர்கள் வெட்டியதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில் என்று சொல்லி முடித்தாள்.

வழிகாட்டி சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். அதற்குள் மேலாளர் பன்னிரண்டு ஆஸ்திரேலியர்களோடு வந்துவிட்டார். விஷயத்தை அவர் காதில் போட்டதும் ஒரு கணம்தான் யோசித்தார். என் தலையில் துணியைக் கட்டி, நெற்றியில் விளக்கை மாட்டி, கையில் உளியைத் திணித்தார். மூன்று தலைமுறையாகப் பால் வெட்டும் குடும்பம் என்று என்னை அறிமுகப்படுத்தினார். என் அப்பாவும் கிராணிதான். கிராணி வீட்டுப் பிள்ளை லயத்துப் பிள்ளையோடு கோலிகூட விளையாடக் கூடாது என்று வளர்த்தவர்.

முதல் வெட்டிலேயே உளி மரத்தின் எலும்பு வரை போயிற்று. இரண்டாவது வெட்டில் ஒரு முழம் பட்டை கையோடு வந்தது. எத்தனையோ பேரை எப்படி வெட்டுவது என்று திட்டியிருக்கிறேன், இந்தக் கருமத்தை எந்தச் சாய்வில் பிடிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஏழெட்டுக் காயத்துக்குப் பிறகு மரம் எல்லா இடத்திலிருந்தும் அழத் தொடங்கியது. கூட்டம் கை தட்டியது. சொன்ன வேலையை என்றுமே செய்யாத சந்திரிகா அன்றைக்குக் கம்பெனிக் கேமராவில் ஆறு படம் எடுத்தாள். ஓர் அம்மையார் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை வருடமாக இந்தக் கடினமான வேலை என்று கேட்டார். மேலாளர் முறைத்தார். பதினான்கு வருடம் என்றேன்.

கையில் பிசின்போல ஒட்டிய பாலைத் தேய்த்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு நேராக நவமணி அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. ஜன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவள் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, மல்லாந்து படுத்திருந்தாள்.

“என் மானத்த வாங்கிட்டியே நவமணி” என்றேன்.

“சத்தம் போடாதீங்கய்யா. நான் தூங்குறேன்.”

“தூங்குறவ பேசுவாளா?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. படுத்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“நாலு மணிக்கே முழிப்பு வந்துருச்சு. அப்பலேருந்து கண்ண மூடிக்கிட்டுப் பாக்குறேன், தூக்கம் வரவே மாட்டேங்குது. ஒடம்புக்கு அது மறந்துபோச்சு போல.”

கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றேன்.

“இப்பவாவது எழுந்து வாங்க, பசியாறலாம்” என்றேன். அவளை நான் ‘வாங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“தூக்கம் வரலைன்னா என்னங்கய்யா? எந்திரின்னு சொல்ல ஆளில்லாம படுத்திருக்கேன்ல,” என்றாள் நவமணி. “கதவ மெதுவா சாத்திட்டுப் போங்க.”