டிக்கியில் ஒரு பறை

1

இந்தக் கதை ஒரு டீ கிளாஸில் பிறந்தது. போன மாதம் மலையாள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைக் கடையொன்றில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பாட்டு காதில் விழுமுன்பே மேசைமேல் கிளாஸ் கிடுகிடுவென்று ஆடியது. கடைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கோ, இதைக் காதே இல்லாமல் கேட்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றியது. டீயை அப்படியே விட்டுவிட்டு வந்து எழுதினேன்:

'1978. எருத்தேன்பதி வயல்களின் மேல் மாலை வெயில்—'

வேண்டாம். வெயிலுக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்? (டிக்கிக்குள் உறுமும் அந்தச் சாமானுக்கு இன்று சப்வூஃபர் என்று பெயர். சுப்பாத்தாளுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆகவே நானும் இனிச் சொல்வதாக இல்லை.)

2

சுப்பாத்தாள் தோட்டங்காடு உள்ள வீட்டுக்காரி. நாற்பது வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோயிற்று. முழுக்க அல்ல. கொலுசும் குயிலும் மனிதர் பேச்சும் போயின. இடியும் லாரியும் மிஞ்சின. பேச்சை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். கணவர் ரத்தினசாமியின் பழைய அம்பாசிடர் எந்தக் கியரில் முனகுகிறது என்று பின்சீட்டில் இருந்தபடியே சொல்வாள்.

அவளைச் சுட்டது கும்மிதான். மாரியம்மன் நோம்பியில் பறையின் அடி அரைகுறையாகவே எட்டியது; கும்மி கொட்டும்போது அவள் கை தப்பத் தொடங்கியது. "நீங்க உக்காந்து பாருங்கக்கா" என்று பெண்கள் நயமாக வட்டத்துக்கு வெளியே அனுப்பினார்கள். இரண்டு நோம்பிகள் உட்கார்ந்து பார்த்தாள். இனி உட்காருவதில்லை என்று முடிவு செய்தாள். (முதல் வரைவில் இங்கே அவளை அழவைத்தேன். அழுகிற ஆளாக எனக்குப் படவில்லை. அடித்துவிட்டேன்.)

வளைகுடாவிலிருந்து வந்த மருமகன் காரில் ஒரு கேசட் பிளேயரைப் பொருத்தி, நோம்பிப் பறையையும் டேப்பில் பிடித்துக் கொடுத்திருந்தான். ஓடவிட்டால் எல்லோரும் தொடையில் தாளம் போட்டார்கள். அவளுக்கு ஒன்றும் எட்டவில்லை. பெரிய ஸ்பீக்கர் வைத்தால் எட்டும், தாளம் உடம்பில் ஏறும்வரை கேட்கலாம் என்று பிடித்த பிடியில் நின்றாள்.

"கேக்காத காதுக்கு எதுக்கு புள்ள ஸ்பீக்கரு?" என்றார் ரத்தினசாமி.

"காதுக்கு ஆருங்க கேட்டா? எனக்குத்தானுங்க."

3

பக்கத்துச் சித்தூரில் ரேடியோ ரிப்பேர் செய்யும் கபிரியேல் திருச்சூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய அடர்ந்த மீசைக்குள் உதடே தெரியவில்லை. ஆகவே சுப்பாத்தாள் கேள்விக்கே இடம் கொடுக்காமல் சொன்னாள்: "பறை நல்லாக் கேக்கோணும். அவ்வளவுதானுங்க."

(மலையாளம் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்கு: அங்கே பறைதல் என்றால் பேசுதல்.)

காது மந்தமான சேச்சிக்குப் பேச்சு புரிய வேண்டுமாம் என்று இரக்கப்பட்ட கபிரியேல், தேடிப்பிடித்து ஒரு கிரீச்சுக்குரல் ஸ்பீக்கரை மாட்டினார். "இனி பறையுன்னதொக்கெ தெளிவாயிட்டு கேக்கும் சேச்சி!" என்றார். டேப் ஓடியது. அவளுக்குக் கார் சீட்டு வெறும் சீட்டாகவே இருந்தது; ஒரு அதிர்வும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்த ரத்தினசாமிக்கு விஷயம் விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சொன்னதை உதட்டில் பார்த்து அவளுக்கும் விளங்கியது.

அவள் சிரிக்கவில்லை. "பேச்சு எனக்கு எதுக்குங்க? பேசறதுக்கு ஊரே இருக்குது. எனக்குக் கொட்டு வேணும், கொட்டு!" என்று பானெட்டில் ஓங்கித் தட்டினாள். கபிரியேல், மூடிப்போன டூரிங் டாக்கீஸின் முறம் அகலமுள்ள ஸ்பீக்கரை உள்ளேயிருந்து தூக்கி வந்தார். பலாப்பலகையில் பெட்டி அடித்து டிக்கியில் இறக்கினார்.

"நெல்லு மூட்டைய எங்க புள்ள வெக்கறது?"

"உங்க மடீல வெச்சுக்குங்க."

(அந்தக் காலத்து டேப்பில் இவ்வளவு அடிச்சத்தம் பதியுமா என்று ஒரு எஞ்சினியர் நண்பர் கேட்டார். அவரைக் கதையிலிருந்து இறக்கிவிட்டேன்.)

டேப் ஓடியது. முதுகுக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. பிறகு விலாவில், பிறகு தொடையில். சுப்பாத்தாள் கையை உயர்த்தினாள். தப்பாகக் கொட்டினாள். "திருப்பிப் போடுங்க" என்றாள். நோம்பி வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

4

முடிவு ஒன்று: வட்டம் அவளுக்காகத் திறக்கிறது; எல்லோரும் கண்ணைத் துடைத்துக்— சீ. முடிவு இரண்டு: மறுபடியும் தப்பு. இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய காது துளிகூடத் தேறவில்லை. உடம்பு தாளத்தைக் கற்றிருக்கலாம். அது தெரிய வட்டத்துக்குள் ஒரு ஆள் அகலம் இடம் வேண்டும். அந்த இடம் என் கையில் இல்லை.

ஆகவே, நோம்பி. பறை முழங்குகிறது. கும்மி வட்டத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். (ஆணானாலும் நில்லுங்கள், கதைதானே.) பின்னாலிருந்து ஒரு முழங்கை உங்கள் விலாவில் படுகிறது. திரும்பினால் சுப்பாத்தாள். அவள் பார்வை உங்கள் உதட்டின் மேல் இருக்கிறது. என்ன சொன்னாலும் அவளுக்குப் புரியும்.

"கொஞ்சம் நவுரு அம்மிணி" என்கிறாள்.