இருநூற்றுப் பன்னிரண்டாவது கடிதம்

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அதைப் பாடாய்ப் படுத்தி, சாயங்காலமானால் ஒன்றுமே நடக்காத மாதிரி பழையபடி ஆக்கிவிட வேண்டும். இதுதான் கோமதிசங்கரின் உத்தியோகம். ஆழ்வார்குறிச்சியில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கூடப் பிறந்த அக்கா வடிவம்மாளே நம்பவில்லை. "ஏலே, கெடுக்கதும் நீ, சரியாக்குததும் நீ. இதுக்கா மாசாமாசம் சம்பளம் போடுதான்?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

விஷயம் ஒன்றும் பெரிய மாயமில்லை. ஊரிலிருந்தபடியே அவன் வேலை பார்க்கும் பெங்களூர் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. ஆஸ்பத்திரிகளிலோ அரதப்பழசான கம்ப்யூட்டர்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புது மென்பொருள் அந்தப் பழசுகளில் மக்கர் பண்ணாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு ஆளுக்கொரு பெட்டி வாங்கிக் கொடுக்க முடியாது. அதனால் கோமதிசங்கரின் லேப்டாப் திரையிலேயே, ஒரு சட்டத்துக்குள், முழுசாக இன்னொரு கம்ப்யூட்டர் உயிர்பெற்று ஓடும். தான் வேறொன்றின் வயிற்றுக்குள் இருப்பது அதற்கே தெரியாது. அவன் அதில் கண்டதையும் ஏற்றுவான், உடைப்பான், கெடுப்பான். மூடும்போது ஒரு கேள்வி வரும்: மாற்றங்களை வைத்துக்கொள்ளவா, விட்டுவிடவா? விட்டுவிடு என்று அமுக்கினால் மறுநாள் காலையில் அது குளித்து முழுகினது மாதிரி எழுந்து நிற்கும். பதினோரு வருஷமாக அவன் அமுக்கிவந்தது அந்த ஒரு பொத்தானைத்தான். கேள்வியைப் படிப்பதை நிறுத்தியே வெகுகாலம் ஆகியிருந்தது.

முந்தின வருஷம் ஐப்பசியில் அவன் மனைவி விஜயஸ்ரீ செத்துப்போனாள். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் பாளையங்கோட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆறாம் நாள் மழையோடு மழையாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முப்பத்தெட்டு வயது, அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர், எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. சாகிற வயதா அது!

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு அவள் லேப்டாப்பைத் திறந்தான். கீல் உடைந்து, ரப்பர் பாண்டு போட்டுக் கட்டியிருந்த லேப்டாப். உள்ளே டிஸ்க் கறகறவென்று அரைத்தது. இது இன்னும் ஒரு மாதம் தாங்காது என்று அந்தத் தொழிலில் இருப்பவனுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கே அதிலிருந்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் நகலெடுத்தான். நகலைத் தன் ஆபீஸ் லேப்டாப்புக்குள், மற்ற பழைய கம்ப்யூட்டர்களோடு ஒன்றாக, அப்படியே ஓடவிட்டான். கம்பெனிச் சட்டப்படி இது தப்பு. தெரிந்தேதான் செய்தான்.

மார்கழியில் அவள் லேப்டாப் நின்றுபோனது. ஆனால் அவன் திரைக்குள் அது நிற்கவில்லை. முன்பல் இல்லாமல் சிரிக்கிற மகளின் படம் பின்னணியில் இருந்தது. 'அப்புறம் பாத்துக்கிடலாம்' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் இருந்தது. பாட்டுகள் இருந்தன. அரையாண்டுத் தேர்வுக்கு அடித்துக்கொண்டிருந்து ஏழாவது கேள்வியோடு நின்றுபோன வினாத்தாள் இருந்தது. கோமதிசங்கர் திறப்பான், பார்ப்பான், மூடும்போது விட்டுவிடு என்று அமுக்குவான். அவள் வைத்தது வைத்தபடி இருக்கவேண்டும், ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. செத்தவளுக்கு வேறென்ன செய்துவிட முடியும், இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று அந்தப் பைத்தியக்காரன் நினைத்துக்கொண்டிருந்தான்.

மகள் அனுராதா அதை ஒருநாள் பார்த்துவிட்டாள். "இது அம்மா கம்ப்யூட்டர்லா?" என்று கேட்டாள். அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரைமணி நேரம் அவளுக்கென்று ஆயிற்று. ஐந்து மணிக்குத் திறந்து கொடுத்துவிட்டு அவன் பால் வாங்கப் போவான். கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பிள்ளை தான் திறந்ததையெல்லாம் மூடிவைத்துவிட்டு எழுந்திருப்பாள்; கடைசியில் அந்தக் கம்ப்யூட்டரை மூடி, விட்டுவிடு என்று அமுக்குவது அவன்தான். போட்டோ பார்ப்பாள், பாட்டுக் கேட்பாள் என்று அவன் எண்ணம். அவளிடம் அவன் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: "நீ என்ன வேணும்னாலும் பாரு. அம்மா வச்சது எதுவும் எங்கயும் போகாது."

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. பால் வாங்கித் திரும்பியபோது அனுராதா வீட்டில் இல்லை. அத்தை வடிவம்மாள் வாசலில் வந்து கூப்பிட்டிருக்கிறாள், ஓடிவிட்டாள். திரையில் எதையும் மூடவில்லை. தமிழில் அடித்த ஒரு பக்கம் திறந்து கிடந்தது. மேலே பெயர்: அம்மாவுக்கு 212.

முதல் வரியை மட்டும் படித்தான். 'அம்மா, இன்னைக்கு ஒண்ணு சொல்லணும், நீ கோவப்படக் கூடாது.' அதற்குமேல் படிக்க மனசு ஒப்பவில்லை. பிள்ளை தாய்க்கு எழுதினது, நமக்கென்ன அதில் வேலை என்று தோன்றியது. மீதி இருநூற்றுப் பதினொன்றும் எங்கே என்று தேடினான். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தான். ஒன்றுகூட இல்லை.

எவனோ எழுதின மென்பொருளில் குண்டூசி முனையளவு பிழையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இது மண்டையில் ஏற அவனுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஏறியதும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை மாதமாக அந்தக் குழந்தை தினம் தினம் எழுதிவைத்திருக்கிறாள். தினம் தினம் இவன் கையாலேயே துடைத்துப் போட்டிருக்கிறான்.

அன்றைக்கு மூடும்போது அந்தக் கேள்வியை எழுத்தெழுத்தாகப் படித்தான். வைத்துக்கொள் என்று அமுக்கினான். இதுவாவது நிலைக்கட்டும், நாளைக்குப் பார்த்தால் பிள்ளை சந்தோஷப்படும் என்று நினைத்தான்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவளுக்குத் திறந்து கொடுத்துவிட்டு, பால் வாங்கப் போகாமல் அடுப்படியிலேயே நின்றான். ஐந்து நிமிஷத்தில் அவள் வெளியே வந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. நேரே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குத் தேங்காய்ப்பால் சொதியும் சோறும் கொண்டுவந்த வடிவம்மாள்தான் முதலில் சத்தம் போட்டாள். "ஏலே சங்கரு, பிள்ளைக்கு என்ன செய்யுது? சொதின்னா உயிர விடுவா. ஒரு வாய் வச்சிட்டு அப்படியே எந்திச்சுட்டாளே! மேலு சுடுதா, தொட்டுப் பாத்தியா?"

விஜயஸ்ரீ போன பிறகு அந்த வீட்டில் காய்ச்சல் என்பது சாதாரண வார்த்தை இல்லை. ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்துதான் இருந்தது. "ஒண்ணுமில்லப்பா" என்று கையைத் தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் புறவாசல் துவைகல்லில் தனியே உட்கார்ந்திருந்தாள். கோமதிசங்கர் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தான்.

"என்னம்மா ஆச்சு? அப்பாட்ட சொல்லேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பைய, "அம்மாக்கு என்மேல கோவம்ப்பா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"லெட்டர எடுக்கலையே."

அவனுக்கு விளங்கவில்லை. விவரம் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி அவளே சொன்னாள். "அம்மா கம்ப்யூட்டர்ல நான் தினமும் லெட்டர் எழுதி வைப்பேன்ப்பா. மறுநாள் பாத்தா இருக்காது. போட்டோ இருக்கும், பாட்டு இருக்கும், கொஸ்டின் பேப்பர் இருக்கும். அம்மாவோடது எல்லாம் அப்படியே இருக்கும். என் லெட்டர் மட்டும் இருக்காது. அம்மா எடுத்துட்டுப் போயிருவா. நம்பர் மறந்துரக் கூடாதுன்னு ரஃப் நோட்டுல கோடு போட்டு வச்சிருக்கேன். எல்லாத்தையும் எடுத்துட்டா. முந்தாநாள் எழுதினத மட்டும் எடுக்கல. அங்கனயே கெடக்கு."

கோமதிசங்கர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். "அதுல என்னம்மா எழுதியிருந்த?" என்று கேட்டான்.

"புதன்கிழமை ஸ்கூல்ல அகஸ்தியர் அருவிக்குக் கூட்டிட்டுப் போனாங்கல்லா? அன்னைக்குப் பூரா நான் அம்மாவ நெனைக்கவே இல்லப்பா. ஒரு தடவகூட. ராத்திரி படுத்த பெறகுதான் ஞாபகம் வந்துச்சு. அத எழுதினேன்." உதடு கோணிக்கொண்டு போயிற்று. "எழுதியிருக்கக் கூடாது. அதான் கோவிச்சுக்கிட்டா."

அவன் எழுந்து நின்றான். உள்ளே லேப்டாப் இருக்கிறது. கடிதத்தைத் தானே அழித்துவிட்டு, வைத்துக்கொள் என்று ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், அது காணாமல் போய்விடும். 'அம்மா லேட்டா வந்து எடுத்துட்டா பாரு' என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினால் பிள்ளை குதிப்பாள், இருந்து சாப்பிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? வாசற்படி வரைக்கும் போய்விட்டான். அவன் ஒன்றும் பொய்யே சொல்லாத மகான் இல்லை. ஆனால் அதன் பிறகு அவள் தாயின் கோபமும் சமாதானமும் தினமும் இவன் விரலில் அல்லவா இருக்கும்! என்றைக்காவது இவன் மறந்தால், அல்லது அந்த லேப்டாப்பே நின்றால், அன்றைக்கும் பிள்ளை தன்னையேதான் குற்றம் சொல்லிக்கொள்ளும். நினைக்கவே பயமாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"அம்மாக்கு உன்மேல கோவமே இல்ல. லெட்டர அம்மா எடுக்கலம்மா. அப்பாதான் அழிச்சேன். தெரியாம அழிச்சிட்டேன்" என்றான். எப்படி என்பதையும் சொன்னான்: மூடும்போது வரும் கேள்வி, தான் அமுக்கும் பொத்தான், எதுவும் மாறக்கூடாது என்று தான் நினைத்தது, வியாழக்கிழமை மட்டும் வைத்துக்கொண்டது. சொல்லச் சொல்லத் தன் காதுக்கே கேவலமாக இருந்தது.

அனுராதா அழவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அப்ப அம்மா ஒண்ணுகூடப் படிக்கலையா?"

"இல்லம்மா."

"நீங்க?"

"இல்ல. நீ எழுதுததே அப்பாக்குத் தெரியாதே."

துவைகல்லின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப இத்தன நாளும் நான் யார்ட்டப்பா சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பில் அவசரமாகச் சொன்னான். "இனிமே நீ எழுது. எதுவும் அழியாது. அப்பா மாத்திட்டேன், எல்லாம் அங்கனயே இருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"யாரும் எடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப வேண்டாம்" என்று கையை உருவிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். உடுப்பு மாற்றினாள். அவன் திறந்துவைத்திருந்ததைத் திரும்பியும் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான். நன்றாகச் சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வடிவம்மாள், "பிள்ள தெளிஞ்சிட்டால்லா!" என்று சந்தோஷப்பட்டாள். கோமதிசங்கர் தலையை ஆட்டிவைத்தான்.

அந்த வாரக் கடைசியில் அவன் தனியாக அதைத் திறந்தான். கடிதம் அங்கேயே கிடந்தது. இனி இதைப் படிக்க வேறு யாரும் இல்லை என்று முழுவதையும் படித்தான். அருவியில் தண்ணீர் அதிகம் விழுந்தது, கூடப் படிக்கிற கிறிஸ்டியின் செருப்பு ஆற்றோடு போனது, பஸ்ஸில் டீச்சரே டான்ஸ் ஆடினார்கள், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, அதனால்தான் அம்மா ஞாபகமே வரவில்லை என்று எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: 'இன்னைக்குக் காலையிலேர்ந்து நேத்துக்கும் சேத்து நெனைச்சிட்டேன்மா. நீ படிச்சிட்டு எடுத்துக்கோ.'

கோமதிசங்கர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.