மூன்றாவது சட்டை

தான் எழுதிய துப்பறியும் நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு எலிஸபெத் அம்மாள் கேட்டைத் திறந்து வந்தபோது, திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் ஆகிவிட்டது எழிலரசனுக்கு. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. “வாங்க மதாம்” என்று எழுந்து நின்றார்.

அந்த அம்மாள் நிதானமாக உட்கார்ந்து, கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னார். புத்தகத்தைக் கடையில் போய் வாங்கினாராம். தனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது என்பது சாருக்குத் தெரியும். எழுதினவரே எதிரில் இருக்கும்போது வேறு யாரிடம் போய் நிற்பது? தினம் நாலு மணிக்கு வருகிறேன், ஓர் அத்தியாயம் படித்துக் காட்டினால் போதும் என்றார்.

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பதினெட்டு வருஷமாகக் கருவடிக்குப்பத்தின் அந்தத் தெருவில் இதுதானே நடந்துவந்தது. எலிஸபெத் படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளியில். கரண்ட் பில், நகராட்சி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று தமிழில் எது வந்தாலும் சாலையைத் தாண்டி எழிலரசனிடம் எடுத்து வந்துவிடுவார். அவரும் அரசாங்க ஆபீசில் கோப்புகளைப் படித்தே ஓய்வு பெற்றவர், சலிக்காமல் படித்துச் சொல்வார். அந்த அம்மாளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்தான் இந்த நாவலையே அவர் எழுதினார். பாழாய்ப்போன தைரியம்!

நாவல் நடப்பது மர்த்தினிக் தீவில். கரீபியன் கடலில் கிடக்கும் அந்தத் தீவை எழிலரசன் மேப்பில் பார்த்ததோடு சரி. எரிமலை, கரும்புக்காடு, ரம் காய்ச்சும் கொட்டகை, இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் இன்றும் கிடா வெட்டும் மாரியம்மன் கோயில், எல்லாமே எலிஸபெத்தின் கணவர் மத்தியோ சொன்னவை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த காலத்தில் அவர் இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தவர். பென்ஷனோடு ஊர் திரும்பியபின் சாயங்காலமானால் எழிலரசனை உட்காரவைத்து அந்தத் தீவைத்தான் பேசுவார். ஆக, தீவே அந்த வீட்டுச் சரக்கு. அதிலொன்றும் பாவமில்லை. கொலையையும் அந்த வீட்டிலிருந்தே எடுத்தாரே மனிதர், அதுதான் அநியாயம்.

நாலு வருஷத்துக்கு முன் ஜூலை பதிமூன்றாம் தேதி. மறுநாள் பிரெஞ்சு தேசிய தினம், ராணுவப் பென்ஷன்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு அணிவகுக்கும் நாள். சட்டைக் காலர் மடிப்பு சரியில்லை என்று காலையிலேயே மத்தியோ வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். எலிஸபெத் மூன்று வெள்ளைச் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு இஸ்திரி போட நின்றார். முதல் சட்டையில் இருக்கும்போது உள்ளறையிலிருந்து “எலிஸபெத்” என்று கூப்பிடும் சத்தம். தண்ணீருக்கு, ஃபேனுக்கு, டிவி ரிமோட்டுக்கு என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுகிற மனுஷன். கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டார். இன்னும் இரண்டு தடவை குரல் வந்தது. மூன்றாவது சட்டையையும் முடித்து, ஹேங்கரில் மாட்டிவிட்டுத்தான் போனார். மத்தியோ தரையில் கிடந்தார். அரை மணி முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதை அந்த அம்மாள் யாரிடமும் சொன்னதில்லை. இறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்துக் காட்டப் போன எழிலரசனிடம் அன்றைக்குத் தாங்காமல் உடைந்து சொன்னார். “பங்குச் சாமியார்கிட்டகூட நான் இத சொல்லல சார்” என்றார். தன் தாய்மேல் ஆணையிட்டு, இது என்னோடு போகும் என்று எழிலரசன் வாக்குக் கொடுத்தார். கொடுத்தபோது உண்மையாகத்தான் கொடுத்தார், பாவம்.

அப்புறம் எழுத உட்கார்ந்தால் வேறு கொலையே வரமாட்டேன் என்கிறது! கத்தி இல்லை, விஷம் இல்லை, புருஷன் கூப்பிடக் கூப்பிட நின்று இஸ்திரி போட்டே கொல்கிறாள் ஒருத்தி. பெயரை மாற்றினார், ஊரைப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி வைத்தார். சட்டையை மட்டும் நாலாக்க மனசு வரவில்லை, மூன்றுதான் கச்சிதமாக இருந்தது. வெளியீட்டு விழாவில் பேசினவர்கள் எல்லாரும் அந்தப் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத்தான் தூக்கிவைத்துப் பேசினார்கள். என்ன கற்பனை, என்ன கற்பனை என்றார்கள். எழிலரசன் பொன்னாடைக்குள் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று சபை கைதட்டியது.

வாசிப்பு தொடங்கியது. நாலு மணி அடித்தால் எலிஸபெத் வந்துவிடுவார். எழிலரசனின் மனைவி கமலவேணி, இப்படி ஒரு வாசகி யாருக்குக் கிடைப்பாள் என்று பூரித்து, காப்பியோடு முறுக்கும் கொண்டுவந்து வைப்பாள். ரம் கொட்டகை வந்ததும் அந்த அம்மாள் சிரித்தார். கிடா வெட்டு வந்தபோது, இது எங்க வீட்டுக்காரர் சொன்னதாச்சே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பையும் கண்ணீரையும் பார்க்கப் பார்க்க எழிலரசனுக்குச் சோறு இறங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் காலையில் எதிர்வீட்டு கேட் வரை போனார், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவதென்று. இரண்டு தடவையும் பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்போல் அப்படியே நடந்து முனைக் கடைக்குப் போய்விட்டார்.

இதில் ஒன்றை அவர் கவனிக்கவே இல்லை. கரண்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் வந்து ஆறு மாதமாகிறது. ஊருக்கெல்லாம் துப்புத் துலக்கிக் கதை எழுதுகிற மகானுபாவருக்கு இந்தத் துப்பு மட்டும் கண்ணில் படவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று முடிவெடுத்தார். ரம் கொட்டகை மேனேஜர் விஷம் வைத்துக் கொன்றதாக வேறோர் அத்தியாயத்தை மனசுக்குள் கட்டி, மொட்டை மாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தார். நாலு மணிக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒப்பித்தார். நன்றாகவே ஒப்பித்தார். மேனேஜர் கையில் விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றியாயிற்று. எலிஸபெத் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார்” என்றார் கடைசியில். “ரொம்ப நேரமா பக்கமே திருப்பலயே நீங்க.”

எழிலரசன் விரித்த பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பாரிசிலிருந்து கிறிஸ்மஸுக்கு வந்த மகள் ஏஸ்தெல், போனில் ஏதோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாளாம். தமிழ் எழுத்தைக் காட்டினால் ஒரு பெண் குரலில் அதுவே படித்துவிடுமாம். கரண்ட் பில்லெல்லாம் இப்போது அதுதான் படிக்கிறதாம். இந்தப் புத்தகத்தையும் வாங்கின அன்றைக்கே அதனிடம் காட்டிவிட்டதாகச் சொன்னார்.

எழிலரசன் தலை நிமிராமலே கேட்டார். “அப்ப எதுக்கு மதாம் தினம் வந்தீங்க?”

“மெஷின் சொல்லிக் கேட்டுட்டேன். நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு. பத்தொன்பது வரதுக்குள்ள ஒரு நாள் புஸ்தகத்த மூடி வெச்சுட்டு எங்கிட்ட சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்.”

கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார் எழிலரசன். காப்பித் தம்ளரை எடுக்க வந்த கமலவேணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதை எடுக்காமலே திரும்பிப் போனாள்.

“இப்ப அதுல இருக்கறத படிங்க சார்.”

படித்தார். கைதட்டு வாங்கிய வரிகளெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்தன. இஸ்திரிப் பெட்டியின் சூடு, முதல் சட்டை, உள்ளேயிருந்து வரும் குரல், இரண்டாவது சட்டை. எலிஸபெத் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கை மட்டும் மடியில் புடவையை நீவி நீவிவிட்டுக்கொண்டிருந்தது. “மூன்றாவது சட்டையின் காலரை மடித்து வைத்தாள். உள்ளே குரல் நின்றுவிட்டது. அவள் சிரித்தாள்.”

“நிறுத்துங்க” என்றார் எலிஸபெத்.

நிறுத்தினார்.

“மத்ததெல்லாம் நான் சொன்னதுதான். இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா நான் சிரிக்கல சார்.”

எழிலரசன் அழுதுவிட்டார். அறுபது வயசு ஆள் சின்னப்பிள்ளைபோல் முகத்தைப் பொத்திக்கொண்டு, தப்புப் பண்ணிட்டேன் மதாம், மன்னிச்சுடுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எலிஸபெத் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார்.

“அத மட்டும் அடிச்சுக் குடுங்க. எனக்கு எந்த எழுத்துன்னு தெரியாது.”

எழிலரசன் அந்த இரண்டு வார்த்தைகளைத் தேடி, மை காகிதத்தின் பின்பக்கம் வரை இறங்கும்படி அழுத்தி அழுத்தி அடித்தார். அந்த அம்மாள் புத்தகத்தை வாங்கி, அடித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போனார்.

அச்சடித்தது ஐந்நூறு பிரதி. மற்ற நானூற்றுத் தொண்ணூற்றொன்பதிலும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.