நீர்முள்ளிக் கட்டுகள்

பிரஷாந்தி ஒருநாள் நீர்முள்ளிக் கட்டொன்றைத் தலையில் சுமந்துகொண்டு இந்தக் கேட்டைத் தாண்டி வரவேண்டும். வந்து, எல்லோரும் பார்க்க, அதே கட்டோடு திரும்பிப் போகவேண்டும். நுஸ்ரா தன் வளவில் மூலிகை வாங்கத் தொடங்கியதற்கு இதைவிட வேறு காரணம் இருக்கவில்லை.

வெளியில் வேறு காரணங்கள் பேசினார்கள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், காத்தான்குடியில் ஒரு முஸ்லிம் பெண் வாவிக்கு அக்கரையிலுள்ள தமிழ்ப் பெண்களிடம் செடி வாங்கிக் காயவைத்துக் கொழும்புவரை அனுப்புவதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். இயற்கையும் அழியவில்லை, இரண்டு சமூகமும் சேர்ந்து பிழைக்கிறது, நாட்டுக்குத் தேவை இதுதான் என்றார். நுஸ்ரா முக்காட்டைச் சரிசெய்தபடி தலையாட்டினாள். மனிதர் நல்லவர். நெஞ்சுக்குள் கிடக்கும் ஒரு முகத்துக்காகத்தான் இத்தனையும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அது பிரஷாந்தியின் முகம். சரியாகச் சொன்னால், ஒரு சாக்கின் வாயில் குனிந்த பிரஷாந்தியின் மூக்கு.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில், சேற்று ஓரங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் நீர்முள்ளி ஆள் நடாமலே முளைக்கும். கணுவுக்குக் கணு முள். அவித்துக் குடித்தால் நீர்க்கடுப்புக்கு நல்லதென்று வீடுகளில் வைத்திருப்பார்கள். அதைக் காயவைத்துப் பொதிசெய்து விற்கலாம் என்று முதலில் நினைத்தவர்கள் இவர்கள் இருவரும்தான். பிரஷாந்தியின் அடுப்படியில் முதல் பானையை அவித்து, ஒரே கோப்பையில் மாறி மாறிக் குடித்துப் பார்த்தார்கள். படுவான்கரைப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் ஒன்று உண்டானது. பிரஷாந்தி தலைவி. காயவைக்கும் வேலை நுஸ்ராவுடையது.

பிறகு, தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. குண்டுகளுக்குப் பின்னால் கதைகள் வந்தன. முஸ்லிம்களின் கைபட்ட சாப்பாட்டில் பிள்ளைப்பேற்றை நிறுத்தும் மருந்து இருக்கிறதாம். அது நீர்முள்ளிக்கும் பரவ அதிக நாள் செல்லவில்லை. நுஸ்ரா கொண்டுபோன சாக்கைச் சங்கத்து வாசலில் வைத்து அவிழ்த்தார்கள். பிரஷாந்தி குனிந்து மணந்து பார்த்தாள். நிமிர்ந்து, நுஸ்ராவைப் பார்க்காமல், "வாசம் மாறிக் கிடக்கு" என்றாள்.

சாக்குகளைப் பிறகு எரித்தார்கள். அதெல்லாம் நுஸ்ராவுக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. மூக்குத்தான் தெளிவாக இருக்கிறது. ஏதோ கெட்டது மணப்பதுபோல் அது சுருங்கிய விதம், சுருங்குமுன் வந்த ஒரு சின்னத் தயக்கம். தயங்கியதால்தான் மன்னிக்க முடியவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டிருந்தால் ஒரு முட்டாளென்று விட்டுவிடலாம். தெரிந்துகொண்டு செய்தவளை என்ன செய்வது?

ஆறு வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. சமைக்கும்போது, தொழுதுவிட்டுச் சலவாத்து ஓதும்போதுகூட, திடீரென்று அந்த மூக்கு வந்து நிற்கும். வன்மம் மனிதரைத் தின்னும் என்கிறார்கள். அவளை அது தின்னவில்லை. ஒழுங்காக எழுப்பி, வேலை செய்ய வைத்தது.

போன வருடம் பிரஷாந்தி தானாகவே வந்தாள். கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். ஹோலில் கதிரையின் நுனியில் உட்கார்ந்து வீட்டைப் புகழ்ந்தாள், மகளின் படிப்பைப் பற்றிச் சொன்னாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள். சங்கத்துக்கு வெளிநாட்டு உதவி ஒன்று கிடைக்க இருக்கிறது. ஆனால் எல்லாச் சமூகமும் உள்ளே இருக்கவேண்டுமாம்.

"நிர்வாகத்தில ஒரு முஸ்லிம் ஆளாவது வேணுமாம் கா. நீதானே முதல்ல இருந்த ஆள்."

"ஆள் வேணுமா, பேர் வேணுமா?"

பிரஷாந்தி சிரிக்கப் பார்த்தாள். "பேரைத் தந்தாப் போதும். கூட்டத்துக்கெல்லாம் அலையத் தேவையில்ல."

குசினிக்குள்ளிருந்து நுஸ்ராவின் மச்சி உம்மு குல்தூம் எட்டிப் பார்த்தாள். "பேர் மட்டும் எண்டா என்னடத எழுதிக்கங்க புள்ள. நீளமா இரிக்கி. ரெண்டு ஆள் எண்டு கணக்குக் காட்டலாம்."

நுஸ்ரா சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றன். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

அந்த 'நீங்க' பிரஷாந்தியின் முகத்தில் பட்டது. ஒரு கோப்பையில் குடித்த நாட்களில் அவர்களுக்கிடையில் அப்படியொரு சொல் இருந்ததில்லை. நுஸ்ரா அதை ரசித்தாள். வாழைப்பழத்தை ஆட்டுக்குப் போட்டாள். பதில் சொல்லாமலே இருந்தாள், உதவிக்கு விண்ணப்பிக்கும் காலம் முடியும்வரை.

பிறகு, கத்தாரிலிருந்து கணவர் மேல்மாடி கட்ட அனுப்பியதை எடுத்து வளவில் காயவைக்கும் கொட்டில் போட்டாள். மேல்மாடி எங்கே என்று அவர் தொலைபேசியில் கேட்டார். கீழேயே கட்டியாச்சு என்றாள்.

சங்கத்தைவிட நல்ல விலை கொடுத்தாள். சங்கத்துப் பெண்கள் செடியை வேரோடு பிடுங்குவார்கள், அதுதான் பழக்கம். நுஸ்ரா வேர் உள்ள கட்டை எடுக்கமாட்டேன் என்றாள். தரையிலிருந்து இரண்டாம் கணுவுக்கு மேலே வெட்டவேண்டும். பூத்த செடியில் பாதியை விதைக்கு விடவேண்டும். அந்தச் சட்டத்தையும் சங்கத்தைக் குத்துவதற்காகத்தான் போட்டாள். ஆனால் அடுத்த மாரிக்குப் பிறகு, வெட்டிய இடங்களில் நீர்முள்ளி முன்னைவிடச் செறிந்து கிளம்பியது. இவ்வளவு கெட்ட எண்ணத்துக்கு இவ்வளவு நல்ல விளைச்சலா என்று அவளே சில நேரம் வியந்தாள்.

பெண்கள் ஒவ்வொருவராகச் சங்கத்தை விட்டுப் பாலம் கடந்து வந்தார்கள். முதலில் வந்தவள் இலட்சுமிப்பிள்ளை, வாய்க்குப் பூட்டில்லாத மனுசி. காத்தான்குடியிலிருந்தும் கைம்பெண்கள் சிலர் பொதிசெய்யச் சேர்ந்தார்கள். காலையில் வளவு கலகலக்கும். ஆணோடு வாழ்வதைவிட நீர்முள்ளி வெட்டுவது சுகம், முள் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிகிறதே என்று இலட்சுமிப்பிள்ளை சொல்ல, தமிழும் முஸ்லிமும் ஒன்றாகச் சிரிக்கும்.

அங்கே ஒரு வழக்கம் தானாக உண்டானது. பன்புல்லால் கட்டிய கட்டை யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. நுஸ்ரா அடிப்பக்கத்து வெட்டுவாய்களை ஒருமுறை பார்ப்பாள், தராசில் வைப்பாள், அவ்வளவுதான். கட்டை அவிழ்க்கச் சொல்வது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது. முள்ளுக்குள் கைவிட்டுத் தேடுவது இரண்டு பேருக்கும் கேவலம்.

சங்கம் மூடிவிட்டதாக வைகாசியில் கேள்விப்பட்டாள். பிரஷாந்தியின் கணவன் மேசன் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் இருப்பதாகவும் சொன்னார்கள். அன்று நுஸ்ரா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். இனி வருவாள். அக்கரையில் நீர்முள்ளி வாங்க வேறு ஆளில்லை.

வந்தாள்.

சனிக்கிழமை காலை. வரிசையின் கடைசியில், தலையில் கட்டோடு. வெயிலில் நின்று வெட்டியதில் முகம் கறுத்திருந்தது. அவளைக் கண்டதும் பெண்களின் பேச்சு நின்றது. இலட்சுமிப்பிள்ளை மட்டும், "முன்னால வா கா, உனக்கு வீட்டில வேலை கிடக்கும்" என்று வழிவிட்டாள். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். பிரஷாந்தி தராசுக்கு முன்னால் வந்து கட்டை இறக்கினாள்.

நுஸ்ரா இந்த நேரத்துக்காக எத்தனையோ வசனங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றுதான் வந்தது.

"அவிழுங்க."

யாரோ மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. பிரஷாந்தி ஒருகணம் நின்றாள். பிறகு குந்தி, பன்புல்லை அவிழ்த்தாள். கட்டு சரிந்து விரிந்தது. நுஸ்ராவும் குந்தி, ஒவ்வொரு தண்டாக எடுத்து, திருப்பி, பார்த்து, பக்கத்தில் வைத்தாள். அவசரப்படவில்லை. முள் கிழித்து விரல்நுனியில் இரத்தம் வந்தது. அதைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

ஒரு வேர் இல்லை. எல்லாம் கணுவுக்கு மேலே, சாய்வாக, கூரான கத்தியால். வெட்டும் விதத்தை யாரோ இவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்த வரிசையில் நிற்கும் ஒருத்திதான். அந்த எண்ணம் முள்ளைவிட ஆழமாக இறங்கியது.

சேற்று நாற்றம் என்று சொல்லலாம். வாசம் மாறிக் கிடக்கு என்றே சொல்லலாம். ஆனால் பொய் சொன்னால் பிரஷாந்திக்கு அது ஆறுதலாகிவிடும். இருவரும் ஒன்றுதான், கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாகப் பாலம் கடந்து போய்விடுவாள். அந்த நிம்மதியைக் கொடுக்க நுஸ்ரா தயாராக இல்லை.

"நல்ல கட்டு" என்றாள் எழுந்து. "வேர் ஒண்டும் இல்ல."

பிரஷாந்தியின் தோள் தளர்ந்தது. அது தளரும்வரை நுஸ்ரா காத்திருந்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. உங்கட சாமான் எனக்கு வாணாம்."

"ஏன் கா?"

"வாணாம்."

"ஒரு குத்தத்தச் சொல்லு. சொல்லிற்றுத் திருப்பு."

"குத்தம் ஒண்டும் இல்லயே."

உம்மு குல்தூம் பொதி ஒட்டும் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷாந்தி தண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தாள். முள்ளைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டு கையாலும் அள்ளினாள். கட்டி முடித்து, நிமிர்ந்து, முதல் தடவையாக நுஸ்ராவின் கண்ணைப் பார்த்தாள்.

"அண்டைக்கு உன்ட சாக்குல ஒரு வாசமும் இருக்கல்ல. எனக்குத் தெரியும். சனத்துக்குப் பயந்துதான் அப்பிடிச் சொன்னன். நான் ஒத்துக்கொள்றன்." சத்தத்தை உயர்த்தாமலே கேட்டாள். "நீ இப்ப ஆருக்குப் பயம்?"

ஆறு வருடமாகக் கேட்கத் துடித்த சொற்கள் அவை. இருக்கல்ல. எனக்குத் தெரியும். அவற்றை எடுத்து வாய்க்குள் போட்டு மெல்ல வேண்டுமென்று நுஸ்ரா நினைத்தாள். ஆனால் கடைசிக் கேள்வியும் அவற்றோடு சேர்ந்தே வந்திருந்தது. கட்டு தலையில் ஏறுவதையும், கேட்டைத் தாண்டுவதையும், வீதியில் ஆட்டோ ஒன்று அதற்காக ஒதுங்குவதையும் பார்த்தாள். நினைத்தபடியே எல்லாம் நடந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அடுத்த ஆள்" என்றாள்.

இலட்சுமிப்பிள்ளை முன்னால் வந்தாள். தராசில் வைக்காமல், கட்டை நிலத்தில் போட்டுப் பன்புல்லை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"உங்கடத நான் அவிழ்க்கச் சொல்லல்லயே."

"பாத்துக்குங்க" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. இதுவரை நுஸ்ராவை அவள் 'புள்ள' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "எங்களுக்கும் வீட்டில சனம் இருக்கு. நாளைக்கு எங்கட முகமும் உங்களுக்குப் பிடிக்காமப் போனா?"

அவளுக்குப் பின்னால் நின்றவள் தன் கட்டை இறக்கினாள். அதற்குப் பின்னால் நின்றவளும். புல் அவிழும் சத்தம் வரிசை நெடுகப் போயிற்று. யாரும் வெளியே போகவில்லை. எல்லோரும் குந்தியிருந்து, தண்டுகளை விரித்து வைத்து, அவள் வந்து பார்ப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

போதும், கட்டுங்க என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது வாய்வரை வந்தது. நுஸ்ரா குந்தி, இலட்சுமிப்பிள்ளையின் முதல் தண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.